காளான் மேடம் கடைசிவரை சொன்ன ஒரே பதில்

செய்தி வந்தபோது அடையாற்றில் நல்ல மழை. ஆசிரியர் அறைத் தொலைபேசியை வைத்துவிட்டு அட்டெண்டர் சொன்னார்: "காளான் மேடம் தவறிட்டாங்களாம் சார்." மயிலாப்பூர் வீட்டில், தூக்கத்திலேயே. முன்பெல்லாம் மழை பெய்தால் மேடத்தின் மேசையில் நாலு பொட்டலமாவது காத்திருக்கும். அன்று ஒன்றுமில்லை. அந்த மேசை காலியாகி வருடங்கள் ஆகிவிட்டன.

எங்கள் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியை ராஜலட்சுமியை அறிந்தவர்களுக்கு அந்தப் பொட்டலங்கள் நினைவிருக்கும். சாப்பிடலாமா என்று கேட்க, காளானைக் கிள்ளி, கழுவி, பளிச்சென்று கொண்டுபோவோம். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அலம்பிண்டு வந்தா நான் எதைப் பாக்கறது? அடியோட தோண்டிண்டு வாங்கோ." நல்ல புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் கரையான் புற்றுவரை நீளும், அதே சாயலில் முளைக்கும் விஷக்காளானுக்கு நீளாது. மஞ்சள், பூண்டு, வெள்ளிக் கரண்டி வைத்துச் சோதிப்பதெல்லாம் சுத்தப் பேத்தல் என்பார்.

இத்தனைக்கும் அவர் ஒரு காளானைக்கூட வாயில் வைத்ததில்லை. "எங்காத்துல அதை வாசப்படி தாண்ட விடமாட்டா. எனக்கு நாக்குல ஆசை இல்லை சார், அதான் கண்ணு சரியாப் பாக்கறது."

விடுதிக்குப் பின்னால் முளைத்ததைக் காவலாளி மாரி ஒருமுறை தோண்டிக் காட்டினார். "நல்லது, தாராளமா சாப்பிடு" என்றார் மேடம். அடுத்த மழைக்கு அங்கேயே மறுபடி முளைத்தது. மாரி வீட்டில் அதை யாரிடமும் காட்டாமல் பறித்துச் சமைத்தார்கள். மாரியும் மனைவியும் பிழைத்தார்கள். சின்ன மகள் பிழைக்கவில்லை. துக்கம் கேட்கப் போன மேடத்திடம் மாரி அழுதுகொண்டே சொன்னார்: "நீங்க நல்லதுன்னு சொன்ன அதே எடம்தாம்மா." மேடம் சொன்னது அந்தக் காளானை. அவர்கள் நம்பியது அந்த இடத்தை.

அதன்பின் யார் எதைக் கொண்டுவந்தாலும் ஒரே பதில்தான்: "தெரியாது." தெரிந்துகொண்டே இப்படிச் சொல்வது அநியாயம் என்று நான் சண்டை போட்டேன். "நான் சரியாத்தானே சொன்னேன் சார்? அப்படியும் குழந்தை போயிடுத்தே" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு அவர் அறிவைப் புகழ்ந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே வந்தால் மாரி நனைந்தபடி நிற்கிறார்.

"அங்கியே மொளச்சிக்கீது சார். பறிக்கலாமான்னு மெஸ் ஆளுங்க கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?"

போய்த் தோண்டினேன். காம்பு கீழே போய்க்கொண்டே இருந்தது. மேடம் எத்தனையோ முறை காட்டிய அதே காளான். மாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுப்பா" என்றேன்.

அவர் மண்வெட்டியால் எல்லாவற்றையும் கொத்திப் போட்டார். மேடத்திடம் கற்றதில் என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.