மாமா செய்த சாய்வு சைக்கிள்

சாய்ந்து படுத்துக்கொண்டே சைக்கிளில் மேடு ஏறியவன் நான் என்று சொன்னால், பிள்ளைகளே, நீங்கள் நம்பமாட்டீர்கள். அன்றைக்குச் செஞ்சியில் இருந்தவர்களிலேயே பாதிப் பேர் நம்பவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பாண்டிச்சேரிக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், ஒரு வெள்ளைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி சைக்கிள் ஓட்டிப் போனதைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ரிப்பேருக்கு வந்திருந்த என் நைனாவின், அதாவது அப்பாவின், சைக்கிளை அறுத்து, நீளமாக்கிப் பற்றவைத்து, முதுகு சாய ஒரு பிரம்பு நாற்காலியையும் பொருத்திவிட்டார். எல்லாவற்றையும் அளந்தவர் தன் காலை அளக்க மறந்துபோனார். அவர் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. சரியாகப் பொருந்திய கால் என்னுடையதுதான்.

நைனா அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போய்வருகிற சைக்கிள் அது. அதைப் பார்த்துவிட்டு அவர் கத்தவில்லை.

"இன்னா மச்சான், சைக்கிள் குடுத்தா கட்டில் பண்ணி வெச்சிருக்கற?"

"மேடுகூட ஏறும் மாமா. பையன் ஏத்திக் காட்டுவான். ஏறிட்டா இத எனக்கு வுட்டுடுங்க, கடை சைக்கிள் ஒண்ண எடுத்துக்குங்க."

"சந்தைக்கு இன்னும் நாலு நாள் இருக்குது. அதுக்குள்ள சிங்கவரம் ரோட்டு மேட்ட ஏறலன்னா, பிரிச்சி என் சைக்கிள பழையபடி ஆக்கிக் குடுத்துடு."

மேட்டில் அது கிளம்பவே மறுத்தது. எங்களுக்கெல்லாம் ஒரு காலைப் பெடலில் வைத்து, தத்தித் தத்தி ஓடி ஏறித்தான் பழக்கம். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட உடம்பு. வேகம் குறைந்தால் தானாக எழுந்து நின்று மிதிக்கும். இதில் எழுந்தால் காலுக்கு அடியில் ஒன்றுமில்லை, பெடல் முன்னால் இருக்கிறது. எழுவேன், சைக்கிள் ஒடித்துக்கொண்டு திரும்பும், ரோட்டோர மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே கிடப்பேன். "பாடை வருதுடா, வழி வுடுங்க" என்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் கூடவே ஓடிவந்தார்கள்.

மூன்றாம் நாள் விழுந்தபோது அழுகை முட்டியது. ரோட்டோரப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, ஆத்திரத்தில் சைக்கிளை இரண்டு காலாலும் உதைத்தேன். அத்தனை கனமான வண்டி நடு ரோட்டுக்குப் போய்விட்டது. காலுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? முதுகுக்குப் பின்னால் பாறை இருந்ததால் வந்தது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான்காம் நாள் நைனாவும் அம்மாவும் மாமாவோடு மேட்டடியில் வந்து நின்றார்கள். பிரேக்கைப் பிடித்தபடி வலது பெடலை மேலே கொண்டுவந்து, காலை மடக்கி வைத்தேன். முதுகை நாற்காலியில் அழுத்தினேன். பிரேக்கை விட்டதும் ஒரே உதை. இடது கால் தரையை நம்பிக் கொண்டிருக்காமல் உடனே பெடலுக்குப் போய்விட வேண்டும், போய்விட்டது. சக்கரத்தைப் பார்த்தால் வண்டி வளையும் என்று மேட்டின் உச்சியையே பார்த்தேன். எழுந்து நிற்கச் சொல்லித் தொடை கெஞ்சியது. எழவில்லை. முதுகை அழுத்தி அழுத்தி மிதித்தேன். உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது பாடை என்று கத்தியவர்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்க மேட்டில் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

"ஏறிட்டான் மச்சான்," என்றார் நைனா. "கடை சைக்கிள்ல நல்லதா ஒண்ணு பாத்து வெய்."

நான் கீழே வந்ததும் அம்மா சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிரம்பு நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்தாள். செயினில் உரசிய புடவைக் கரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டா, இந்தச் செயினு மேல ஒரு தகரம் அடிச்சிட்டா துணி மாட்டாது இல்ல?"

"அடிக்கலாம்க்கா. எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

என் துணி மாட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேடேறிய பெருமையோடு சொன்னேன்: "நான் டவுசர்தாம்மா போடறேன். எனக்கு எதுக்குத் தகரம்?"

அம்மா நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆமாண்டா, உனக்கு எதுக்கு" என்று சிரித்தாள்.