தார் நனைக்கிற கிண்ணம்

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் பிறந்த பிள்ளை அவன். பள்ளி இறுதி வரை படித்த நெசவாளி என்று ஆரணியில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அவன் ஜுரத்தின் முன் அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம். பையன் தவழ ஆரம்பித்திருந்தான். பட்டு நெய்யும்போது என் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கும். ஊடை நூல் சுற்றிய தார்களை அதில் நனைத்துத்தான் தறியில் குறுக்கே வீசும் நாடாவில் போடுவேன். அன்று தறியில் அரக்கு நிறப் புடவை. திரும்பிப் பார்த்தபோது பையன் கிண்ணத்தைக் கவிழ்த்து, தரையில் ஓடிய தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் சிவப்பு.

மாலையில் ஜுரம், மறுநாள் வாந்தி. அதற்கு முன்பும் அவனுக்கு அடிக்கடி ஜுரம் வரும், உடம்பும் தேறவில்லை. பல் முளைக்கிறது என்று விட்டிருந்தோம். இப்போது காரணம் கிடைத்துவிட்டது: சாயம். கிண்ணம் பரணுக்குப் போயிற்று. தண்ணீர் இருக்கும் பக்கம் அவன் தவழ்ந்தாலே தூக்கிவிட்டோம். என் மனைவிக்கு மட்டும் சந்தேகம். தூளித் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"சாயம் குடிச்சவன் ஒண்ணுக்குக் கலராத்தானே போவணும்? இவன் பச்சத் தண்ணியா போய்கினு இருக்கான். துணியில கற கூட இல்ல."

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்."

"நீங்க படிச்சதத்தான் பாத்துகினு இருக்கேனே."

அடுத்த நாள் அவன் கண்கள் குழி விழுந்துவிட்டன. உச்சிக்குழியும் உள்ளே போயிருந்தது. வேலூருக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே குழந்தைகள் டாக்டரம்மாவிடம் சாயத்தின் கதையைச் சொல்லி, கையோடு கொண்டுபோன அரக்கு நூலையும் காட்டினேன். அவர் நூலைப் பார்க்கவில்லை.

"தண்ணியில என்னா இருந்துதுன்றத அப்புறம் பாக்கலாம். அத ஏன் குடிச்சான், சொல்லுங்க?"

மனைவி முந்திக்கொண்டாள். "பால தள்ளி வுடறான். ஈரத் துணி கெடச்சா சப்புறான்."

"உங்க பொறந்த வீட்ல ஆம்பளப் புள்ள எதுனா சின்னதுலயே தவறிச்சா?"

அவள் தலை குனிந்தாள். "ஒரு தம்பி. பல்லு ஜுரம்னு சொன்னாங்க."

ரத்தத்தில் உப்பு மிக அதிகமாகவும் சிறுநீர் வெறும் தண்ணீர் போலவும் இருப்பதாகச் சொன்னார்கள். பாட்டில் ஏற்றிப் பையன் முகம் தெளிந்த பிறகு, ஒரு பரிசோதனைக்காகக் காலையில் சில மணி நேரம் தண்ணீரும் பாலும் கொடுக்காமல் வைத்தார்கள். டாக்டரம்மா நகராமல் பக்கத்திலேயே இருந்து திரும்பத் திரும்ப எடை பார்த்தார். எடை குறைந்துகொண்டே வந்தது, சிறுநீர் மட்டும் கெட்டிப்படவில்லை. சிறுநீரைக் கெட்டியாக்கும் மருந்தை மூக்கில் விட்டுப் பார்த்தும் அப்படியே. நர்சின் கையிலிருந்த தம்ளரைப் பார்த்து அவன் அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"போதும், தண்ணி குடுங்க," என்றார் டாக்டரம்மா. அவன் குடித்து முடித்த பிறகுதான் எங்களிடம் திரும்பினார். "தண்ணியப் புடிச்சி வைன்னு மூளை சொல்லுது. கிட்னி அதக் கேக்கல. தாய் வழியா ஆம்பளப் புள்ளைங்களுக்கு ரொம்ப அபூர்வமா வர்றது. ஆனா இன்னான்னு தெரிஞ்சிடுச்சிங்க. கேக்கறப்பல்லாம் தண்ணி குடுங்க, உப்பக் கொறைங்க, வளருவான்."

ஒரு மாத்திரையும் தந்தார். மற்றவர்களுக்கு அது சிறுநீரை அதிகமாக்குமாம், இவனுக்குக் குறைக்குமாம். நம்பாமல் இரண்டாம் தடவையும் கேட்டேன்.

"குடுக்கச் சொன்னா குடுங்க," என்றாள் மனைவி. "பரீட்சை எழுதவா வந்தோம்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாங்கள் அழுத நாட்களுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது.

அந்த வாரமே தூளித் துணி பிழிவது குறைந்தது. கிண்ணத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அதன் பக்கத்தில் அவனுக்கென்று சொம்பும் தம்ளரும் வந்தன. இப்போது பள்ளிக்கூடம் போகிறான், தண்ணீர் பாட்டிலோடு. வீட்டுக்கு வந்ததும் நேராகத் தறிக்கு வந்து, தானே மொண்டு குடிக்கிறான். அவன் தம்ளரைக் கீழே வைக்கிற வரைக்கும் என்னால் நாடாவை வீச முடிவதில்லை.