மருந்தடிக்கிறவன் பாடிய பாட்டு

ராசிங்காபுரத்துச் சின்னமுத்துவுக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணமும் மலை வேலையும் ஒரே மாதத்தில் வந்தன. காலை ஆறு மணி ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பான். இரண்டு பேர் பின்னால் குழாயைத் தூக்கிப் பிடிக்க, இவன் முன்னால் நின்று செடியின் தூரில் பீய்ச்சுவான். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருப்பான், அவ்வளவுதான். வாயில் நாளெல்லாம் ஒரு கசப்பு.

மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அவனுக்கு. அவன் பாடினால், பக்கத்துச் சரிவில் காய் எடுக்கிற பெண்கள், "அண்ணே, இன்னொண்ணு" என்று கத்துவார்கள். அவர்களில் அவன் மனைவி தேவியும் இருப்பாள். அவள் மட்டும் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம், கைப்பிள்ளையும் ஒன்று இருந்த சமயத்தில், ஒருநாள் ஜீப்பு பழுதாகி, போடியில் பிரபாகரனின் பட்டறையில் நின்றது. அவன் மெக்கானிக். செல்போனைப் பார்த்துப் பார்த்தே கிட்டார் கற்றவன். பெயிண்டர் காமராஜை டிரம்ஸ் அடிக்கச் சேர்த்துக்கொண்டு, பாட ஆள் தேடிக்கொண்டிருந்தான். காத்திருந்த நேரத்தில் சின்னமுத்து முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"மாப்ளே, சினிமாப் பாட்ட எல்லாரும் பாடுறாங்க. நீ உன் சோலியப் பாடு."

"என் சோலியில என்ன பாட்டு இருக்கு? நாத்தந்தான் இருக்கு."

"அந்த நாத்தத்தயே பாடு."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறைக்குள்ளேயே அந்தப் பாட்டு பிறந்தது.

*மருந்தடிச்ச கை கழுவிச் சோறு தின்னா
சோத்துக்கும் அதே வாசம்,
பிள்ளையத் தூக்கி முத்தம் குடுத்தா
பிள்ளைக்கும் அதே வாசம்;
ஊரு மணக்க ஏலக்கா காய்ச்சு நிக்குது,
எங்க மேல ஒட்டலையே அந்த வாசம்.*

காமராஜின் அடிக்கு அது கூத்தாடியது. பிரபாகரன் அதைப் பதிவு செய்து இணையத்தில் போட்டான். ஒரு மாதத்தில் போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில் எல்லாம் சின்னமுத்துவின் குரல். முன்னால் போகிற ஜீப்பிலிருந்து தன் புருஷன் பாடுவதைத் தேவி முதன்முதலாகக் கேட்ட அன்று, பக்கத்தில் இருந்தவளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதே வருஷம்தான் இருமல் வந்தது. முதலில் பனி என்றார்கள். பிறகு சரிவு ஏறும்போது நெஞ்சை அடைத்தது. தேனியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சு தம்பி. இனிமே மருந்தடிக்கிற வேலைக்குப் போகக்கூடாது."

"பாடலாமா சார்?"

"என்ன பாட்டு பாடுறீங்க?"

சின்னமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

இரண்டு மாதம் கீழேயே தோப்பு வேலை தேடினான். வாரத்துக்கு ஒருநாள் கிடைத்தது, பிறகு அதுவும் இல்லை. மூன்றாம் மாதம் மறுபடி ஆறு மணி ஜீப்பில் ஏறினான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மைதானம் முழுக்க மாணவர்கள். முதல் வரியை அவன் தொடங்குமுன்னே அவர்கள் பாடினார்கள். பிள்ளைக்கு முத்தம் கொடுக்கிற வரியில் அவனுக்கு மூச்சு நின்றது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான். அது நடிப்பு என்று நினைத்து மாணவர்கள் விசிலடித்துக் கைதட்டினார்கள். பிரபாகரன் மைக்கை வாங்கி மிச்சத்தைப் பாடி முடித்தான்.

பத்து நாள் கழித்துப் பிரபாகரன் ராசிங்காபுரத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"சென்னையில இருந்து ஒரு கம்பெனிக்காரங்க கூப்பிடுறாங்க மாப்ளே. மேடையில ரெண்டு மணி நேரம் பாடணுமாம்."

"யாரப் பாட விடப் போற?"

"மதுரையில ஒருத்தன் இருக்கான். நல்ல குரலு."

"மருந்தடிச்சிருக்கானா?"

"நீ எழுதிக் குடு. உன் பேரப் போடுறேன்."

சின்னமுத்து எழுதினான். இருமலைப் பற்றி, படுத்தால் வராத தூக்கத்தைப் பற்றி, நடுச்சரிவில் உட்கார்ந்துவிடுகிறவனைப் பற்றி. நான்கு நாளில் போன் வந்தது.

"ரொம்பச் சோகமா இருக்கு மாப்ளே. சனம் ஆடுற மாதிரி வேணும்ங்கறாங்க."

"எனக்கு அப்படி வரல மாப்ளே" என்று சொல்லிப் போனை வைத்தான். அதற்கப்புறம் அவன் எழுதவில்லை. பிரபாகரனும் வரவில்லை.

இப்போது சின்னமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. குழாய் பிடிக்கத் தெம்பில்லை. தோட்டத்து சூப்பர்வைசர் இரக்கப்பட்டு, பேரலில் மருந்து கலக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார். உட்கார்ந்தே செய்யலாம், பேரலிலிருந்து எழும் ஆவி முகத்தில்தான் அடிக்கும்.

"அதுவும் மருந்துதானங்க?" என்றாள் தேவி.

"வேற என்ன சோலி இருக்கு, நீயே சொல்லு."

மறுநாள் விடியலில் இருவருமாக ஜீப்பு நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். அதற்குள் அவன் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். இரண்டாவது தடவை தேவி அவன் கையிலிருந்த தூக்குவாளியையும் வாங்கிக்கொண்டாள்.