டம்ளருக்குள் பன்னிரண்டு கோடுகள்

எங்கள் பஸ் பணிமனையில் இருபத்தெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் டீ போடுகிறவர் டீயக்கா. நான் பெயிண்டர். வர்ணத்தில் ஒரு சொட்டு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன், டீயிலும் அப்படித்தான் என்று வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிந்தவன். அந்த வாய்க்கு வந்த கதிதான் இது.

டீயக்காவின் புருஷன் எங்கள் வெல்டர். நல்ல மனுஷன், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, மூன்று மாதம் பார்ப்போம், ஏறினால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெல்டருடைய அண்ணனுக்கு இதே சர்க்கரையால் ஒரு கால் போயிருந்தது. அதிலிருந்து அக்காவுக்குப் பயம். வெல்டரோ, சர்க்கரை இல்லாத டீயை மனுஷன் குடிப்பானா என்று ஒரே போடாகப் போட்டார். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிற ஆள். அக்கா அவருக்குத் தனியாக ஒரு கிளாஸ் போட்டு வைத்த அன்று, எல்லார் முன்னாலும் தன்னை நோயாளி ஆக்கிவிட்டதாக முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நாங்களும் சும்மா இருந்தோமா? ஒரு வாரத்துக்குக் கிண்டல்தான்.

அதோடு அக்கா தனி டீயை விட்டுவிட்டார். எங்களுக்கும் டீ வழக்கம்போலவே வந்தது. இஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கல், அதை நானே பாராட்டினேன். கிரீம் பிஸ்கட் போய் வறுத்த கடலை வந்தபோது முதலில் முணுமுணுத்தவனும் நான்தான். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கை அள்ளினேன்.

மூன்று மாதம் கழித்து ரிசல்ட் வாங்க இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று டீ போட்டது வாட்ச்மேன். அக்கா வருவதற்கு முன்பு அது அவர் வேலை. சர்க்கரை அளக்கிற அதே பழைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து, பழையபடி தலைதட்டி நான்கு தடவை கொட்டினார். ஒரு வாய் குடித்ததும் தித்திப்பில் எனக்குக் குமட்டியது. மெக்கானிக் வாளியில் துப்பினார். வாட்ச்மேனுக்கு வந்ததே கோபம். எப்போதும் போடுகிற அளவுதான் என்று டம்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

உள்ளே பார்த்தேன். விளிம்பிலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஆணியால் கீறிய கோடுகள். எண்ணினேன், பன்னிரண்டு. வாரத்துக்கு ஒன்று. கடைசிக் கோடு பாதி டம்ளருக்கும் கீழே இருந்தது. புருஷனுக்குக் குறைக்க வழியில்லாமல் அக்கா இருபத்தெட்டுப் பேருக்கும் சேர்த்துக் குறைத்திருக்கிறார். இந்தப் பெரிய நாக்குக்காரனுக்கு ஒரு வாரம்கூடத் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். வெல்டருக்கு வாயெல்லாம் பல். சர்க்கரை இறங்கியிருக்கிறதாம், இப்படியே போகட்டும், தினம் நடக்கவும் செய்யுங்கள் என்றாராம் டாக்டர்.

"நான் எதையும் விடலை, அதே ஆறு டீதான்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டேன்" என்றார் வெல்டர். அக்கா குனிந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெல்டர் வாட்ச்மேன் போட்ட டீயில் ஒரு கிளாஸ் எடுத்து வாயில் வைத்தார். முகம் கோணியது. "என்னய்யா இது, பாகு காய்ச்சி வச்சிருக்கீங்க?"

அக்காவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று மனசு உறுத்தினாலும், டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலை விட்டு ஒவ்வொரு கோடாகத் தடவினார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் அக்கா. "உங்க அண்ணன் காலைப் பார்த்ததுலேருந்து எனக்குப் பயமா இருந்துச்சு."

வெல்டர் தன் பட்டறைப் பக்கம் போனார். இன்றைக்குப் பெரிய சண்டைதான் என்று நினைத்தோம். கையில் ஒரு ஆணியோடு திரும்பி வந்தார். பன்னிரண்டாவது கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு கோடு கீறி, டம்ளரை அக்காவிடம் நீட்டினார்.

"நாளையிலேருந்து இதுவரைக்கும் போடு."

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். மீதி இருபத்தேழு பேரை ஒரு வார்த்தை கேட்காமல் புருஷனும் பொண்டாட்டியும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.