டிஸ்க் மீது போட்ட பழி

இருபது வருடமாகத் திருப்பூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். ஒரே ஒரு பழுதைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மண்ணரையில் ஒரு எம்பிராய்டரி யூனிட். டிசைன்கள் எல்லாம் சிடியில் இருந்தன. அவற்றைப் படிப்பது ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். ஒரு நிமிடத்தில் ஏறும் டிசைன் அரை மணி நேரம் இழுக்கிறது என்று முதலாளி கூப்பிட்டார். எனக்கு வேறு இடத்துக்குப் போகிற அவசரம். எதையும் திறந்து பார்க்காமலேயே, "டிஸ்க்கெல்லாம் கீறலுங்க. கையாள்றவங்க சரியில்லீங்க" என்றேன்.

கையாண்டவள் ஆபரேட்டர் மல்லிகா. "இல்லீங்ணா, புது டிஸ்க் போட்டாலும் இப்படித்தானுங்க பண்ணுது" என்றாள். முதலாளி என்னைத்தான் நம்பினார். மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரமும் அதே புகார். அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். சிடி டிரைவின் லென்ஸில் பஞ்சுத் தூசி. ஆறு தடவைக்கு மேல் படிக்கத் தவறினால், விண்டோஸ் தானாகவே டிரைவை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். பிறகு எவ்வளவு நல்ல டிஸ்க்கைப் போட்டாலும் பழைய வேகம் வராது. லென்ஸைத் துடைத்து, டிவைஸ் மேனேஜரில் டிரைவ் இணைந்திருந்த ஐடிஇ சேனலை நீக்கி, ரீஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிட வேலை.

"என்னாச்சுங்க?" என்றார் முதலாளி.

"இது வேற பிரச்சினைங்க, கேபிள் லூஸுங்க" என்றேன்.

போன மாதம் முதலிபாளையத்தில் ஒரு கம்பெனிக்குப் பிரிண்டர் பார்க்கப் போனேன். மல்லிகா அங்கே நின்றபடி பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கீங்ளாண்ணா? அந்தக் கம்ப்யூட்டர் இப்ப வேகமா ஓடுதுங்ளா?"

"ஓடுதுங்க."

"சரிங்ணா" என்று குனிந்துகொண்டாள்.

அவளுக்கு விஷயம் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியம் இருந்திருந்தால், அன்றைக்குக் கேபிள் என்று சொல்லியிருக்க மாட்டேன்.