மேல் பஞ்சமத்துக்குக் கழற்றிய பல்

பிள்ளைகளா, என் நாயனப் பையிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து, "யாரு பல்லுப்பா இது?" என்று கேட்டீர்களே, அது உங்கள் மாமாவின் கட்டுப்பல். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஈஜிபுரா ரோட்டில் ஸ்கூட்டர் குழியில் இறங்கி, மச்சானுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. கட்டுப்பல் வைத்த பிறகு கீழ் சுரமெல்லாம் ஒழுங்காகத்தான் பேசியது. உச்சியில் வரும் 'ப', அந்த மேல் பஞ்சமம் மட்டும் சுருதியில் நிற்காது. நாயனத்தில் மேலே போவதற்கென்று வேறு துளை கிடையாது. மூச்சை அழுத்தி, வாயில் வைக்கும் சீவாளியை உதடு பிடிக்கிற பிடியில்தான் ஏற வேண்டும். இருவர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவர் இறங்கினால் பந்தியில் சாப்பிடுகிறவருக்கும் காது கூசும்.

எங்கள் ஆட்களுக்கு எது கெட்டாலும் சீவாளிதான் குற்றவாளி. மாற்றி மாற்றிச் செருகினோம், ஊறவைத்தோம், நுனியைச் சீவினோம். நாங்கள் தங்கியிருந்த ஒக்கலிபுரத்து அறையில் மச்சான் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். "ஹெப்பகோடி கல்யாணத்துலயும் நிக்கலேன்னா நாயனத்த கட்டி வெச்சுடுவேன் மச்சான். வாட்ச்மேன் வேலைக்கே போயிடுறேன்." அவர் இல்லாமல் நான் யாரோடு வாசிப்பது?

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பிலும் இறங்கியது. தவில்காரர் குனிந்து, "என்னய்யா, பஞ்சமம் படியேற மாட்டேங்குது, லிப்ட் வைக்கணுமா?" என்றார். மச்சான் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த முறை அவர் அழுத்தி ஊதியபோது மேலுதட்டுக்குள் ஏதோ அசைவதைக் கண்டேன்.

"சீவாளி இல்ல மச்சான், பல்லு ஆடுது. கழட்டு."

"வீடியோ எடுக்கிறான்டா! ஓட்டைப் பல்லோடயா?"

"ஊதுறப்ப வாய் மூடித்தானே இருக்கும்?"

தாலி கட்டும் நேரம். திரும்பி நின்று கழற்றி, கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப்பையில் திணித்தார். கெட்டிமேளத்தில் மேலே போனோம். முதலில் கொஞ்சம் தாழ்ந்தே வந்தது. பிறகு அவர் உதடு இடத்தைக் கண்டுபிடித்தது; அவர் சுரம் என் சுரத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. எது என்னுடையது, எது அவருடையது என்று எனக்கே தெரியவில்லை.

முடிந்ததும் வீடியோக்காரர், "நாயனம் சார், ஸ்வல்ப, கொஞ்சம் சிரிங்க!" என்றார். மச்சான் மறந்துபோய் வாய் நிறையச் சிரித்தார்.

பல்லை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. இன்றும் அந்த ஓட்டையோடுதான் என் பக்கத்தில் நின்று வாசிக்கிறார். பஞ்சமம் நிற்கிறது.

இப்போது என் முன்பல் ஆடத் தொடங்கியிருக்கிறது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நேற்று நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு டப்பாவை எடுத்துப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, பல்லில் படாமல் உதட்டை மடித்துச் சீவாளியைப் பிடித்து, மேல் பஞ்சமத்தை ஊதினேன். தாழ்ந்துதான் வந்தது. மறுபடி ஊதினேன்.