சேர்க்கை மேசையில் லூர்துமேரி மேடம்

செய்தி வந்தபோது நான் அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வரும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வக உதவியாளர் ஏழுமலை பேசினார். எப்போதும் கத்திப் பேசுகிறவர் அன்று மெதுவாகப் பேசினார். "சார், மேரி மேடம் நம்மள வுட்டுப் போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். விழுப்புரம் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இன்னும் இரண்டு நாளில் மாணவர் சேர்க்கை தொடங்குகிறதே, அந்த மேசையில் யார் உட்காருவது என்ற எண்ணம்தான் வந்தது. நான் அரசியல் அறிவியல் துறைக்காரன். இந்த ஆண்டு இருபது பேராவது சேராவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து என் துறைக்கு ஆள் எடுப்பதில்லை என்று கல்லூரிச் செயலாளர் மார்ச் மாதமே சொல்லியிருந்தார். துறை போனால் நானும் போக வேண்டியதுதான். மேரி மேடம் அந்த மேசையில் இருக்கும்வரை இருபது பேர் சேருவது நடக்கிற காரியமா என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். அப்படிப் புலம்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வேதியியல் துறைத் தலைவர் லூர்துமேரியைப் பழைய மாணவர்களான உங்களில் பலருக்குத் தெரியும். அவரிடம் வேதியியல் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பதினோரு ஆண்டுகளாக நம் கல்லூரியில் இளங்கலை சேர்ந்த எல்லோரும், தமிழோ கணிதமோ தாவரவியலோ, அவர் மேசை முன்னால் நின்றுதான் உள்ளே வந்தீர்கள். மற்றக் கல்லூரிகளின் சேர்க்கை மேசையில் விண்ணப்பமும் முத்திரையும் இருக்கும். அவர் மேசையில் எல்லாப் பாடங்களின் பாடத்திட்டமும் ஒரே கட்டாகத் தைத்து வைத்திருக்கும். எந்தப் படிப்பு கேட்கிறாயோ அதன் முதல் பருவப் பக்கத்தை, அப்பா அம்மா காதில் விழும்படி, உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகுதான் பேனாவைக் கையில் கொடுப்பார். அவசரப்படுகிறவர்களிடம், "படிக்காம கையெழுத்து போடறதுக்கா பன்னண்டு வருஷம் படிச்ச?" என்பார்.

ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தால் கடகடவென்று ஆங்கிலம் பேச வரும் என்று நினைத்து வந்த பிள்ளைகள் பழைய கவிதைகளின் பெயரைப் படித்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தன் துறைக்கு வருகிறவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆய்வகத்து அமில வாடை மூன்று வருஷம் துணியோடு வரும், பரவாயில்லையா என்று கேட்பார். ஒரு வருஷம் வேதியியலுக்கே பதினேழு பேர்தான் தேறினார்கள். சரி, எதை எடுப்பது என்று நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம் என்று யாராவது கெஞ்சினால் மட்டும் பிடிகொடுக்க மாட்டார். "நானா மூணு வருஷம் உக்காரப் போறேன்?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் துறைக்கு ஆள் பிடிக்கத் துண்டறிக்கை அடித்தேன். அரசியல் அறிவியல் படியுங்கள், கலெக்டர் ஆகுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை அவர் முதல் பக்கத்தைப் படிக்க வைத்தார். அரசு என்றால் என்ன, இறையாண்மை என்றால் என்ன என்று வரிசையாக வந்ததும் பாதிப் பேர் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டார்கள். நான் நடைவழியில் நின்று கத்தினேன். அவர் என் துண்டறிக்கையை நிதானமாக மடித்துக்கொண்டே, "இன்னா சார், கலெக்டர் ஆபீஸ் சாவி உங்ககிட்டதான் இருக்குதா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் அந்தப் பருவம் முழுக்க அவரிடம் பேசவில்லை.

பேச வைத்தது என் தப்புதான். மருத்துவமனை நிர்வாகம் என்று ஒரு புதுப் படிப்பை நம் கல்லூரி கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுவது, மருந்து இருப்புப் பார்ப்பது, காப்பீட்டு வேலை, ஆள் வைத்து நடத்துவது என்று எல்லாம் சொல்லித்தரும் நல்ல படிப்பு. ஆனால் சுவரொட்டியில் போட்ட படம் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும். சுற்று வட்டாரமே அது நர்ஸ் படிப்பு என்று நம்பிவிட்டது. சேர்க்கை நாளன்று மேரி மேடம் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மேசையில் நான் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது இடமும் நிரம்பிவிட்டது. யாரையும் நான் படிக்க வைக்கவில்லை. வெள்ளைக் கோட்டை காலேஜிலேயே கொடுப்பார்களா என்று ஓர் அம்மா கேட்டார். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

திங்கட்கிழமை மேடம் வந்தார். நாற்பது விண்ணப்பங்களையும் புரட்டினார். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்ற கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நர்ஸ் ஆக என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டை என் முன்னால் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் அலுவலகத்திலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "சேத்தது நீங்க. சொல்ல வேண்டியதும் நீங்கதான். வண்டில ஏறுங்க சார்" என்றார்.

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான்கு நாள் ஊர் ஊராகப் போனேன். மேல்சித்தாமூரில் ஒரு கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, கணக்குவழக்கு வரும் படிப்புதான் தன் பெண்ணுக்குப் பொருத்தம் என்று சந்தோஷமாகவே அவளை அதிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. மூன்றாம் நாள் தொண்டூர். என் சொந்த ஊர். வெள்ளைக் கோட்டைப் பற்றிக் கேட்ட அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் தேவி உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் நர்ஸ் ஆகப்போகிறாள் என்று சொல்லி முடித்திருந்தார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மல்லாட்டைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானே ஆரம்பித்தேன்.

"ஊசி போடறதே கெடயாதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கெடயாதும்மா. அது வேற படிப்பு."

அவர் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "நம்ம ஊரு புள்ள உக்காந்துனு இருக்குது, அது சொன்னா சரியாதான் இருக்கும்னுதான் சேத்தோம். அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மேடம் அதற்குப் பிறகுதான் பேசினார். எங்கள் படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறது, என்ன வேலை கிடைக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். நர்சிங் பட்டயப் படிப்புக்கு இன்னும் விண்ணப்பம் கொடுக்கிறார்கள், விருப்பம் அதுதான் என்றால் நாளைக்கே போகலாம் என்றும் சொன்னார். சான்றிதழ்களை எடுத்துத் தேவியின் கையில் கொடுத்தார். அவள் நாற்காலியைப் பிடித்தபடி அழுதாள். எதற்காக அழுதாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நாற்பது பேரில் இருபத்தாறு பேர் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள். செயலாளர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்த பிள்ளைகளை விரட்டுவதற்கா உங்களை மேசையில் உட்கார வைத்தோம் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் குரலை உயர்த்தவில்லை. "பதினாலு பேர் இருக்காங்க சார். இவங்க மூணு வருஷமும் இருப்பாங்க" என்றார். இருந்தார்கள். அந்தப் பதினான்கு பேரும் பட்டம் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். திரும்பி வரும்போது நடைவழியில், இப்படியே போனால் கல்லூரியில் யார்தான் மிஞ்சுவார்கள் மேடம் என்று கேட்டேன். அவர் நின்று சொன்னது இது. "வெளிய போற புள்ள என்னிக்காவது திரும்பி வரும் சார். ஏமாந்து உள்ள வந்த புள்ள, உள்ள இருந்துனே போயிடும்." எனக்குப் பாதிதான் புரிந்தது. கேட்டால் கிண்டல் செய்வார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

அடக்கம் அவர் ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. நல்ல வெயில். மாணவர்கள் கூட்டம் வேலி வரைக்கும் நின்றது. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஓர் இளம்பெண் வந்து, "தெரியுதா சார்? தொண்டூர் தேவி" என்றாள். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளாம். வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவளோடு அன்று சான்றிதழை வாங்கிக்கொண்டு போன இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள்.

"நான் உங்க காலேஜ்ல ஒரு நாள்கூட படிக்கல சார்" என்றாள். "வீடு தேடி வந்து 'போ'ன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்காவ வந்தேன்."

அதுவரை அழாமல் இருந்தவன் அங்கே அழுதேன். ஏழுமலை என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியே போன பிள்ளை திரும்பி வரும் என்று மேடம் சொன்னதை நான் பார்த்துவிட்டேன். அவர்தான் பார்க்கவில்லை.

சேர்க்கை மேசையில் இந்த ஆண்டு என்னைத்தான் உட்காரச் சொன்னார்கள். முதல் நாள் காலை ஏழுமலை அந்தப் பாடத்திட்டக் கட்டைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். அட்டையில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்த அதே கட்டு. கடைசி நாள் மதியம் வரை என் துறையில் பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒருவர் வேண்டும். மூன்று மணிக்கு ஒரு பெண் அப்பாவோடு வந்து அரசியல் அறிவியல் என்றாள். இருபதாவது ஆள் இவள்தான் என்று நான் கணக்குப் போட்டது உண்மை. கட்டைப் பிரித்து அவள் முன்னால் தள்ளினேன். உரக்கப் படித்தாள். தடுமாறாமல் நன்றாகவே படித்தாள். முடித்துவிட்டு, "சார், போலீஸ் எஸ்.ஐ. ஆவணும்னா இதானே படிக்கணும்?" என்று கேட்டாள்.

பேனா என் கையில் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும்.

"எந்த டிகிரி படிச்சாலும் அந்தப் பரீட்ச எழுதலாம்மா" என்றேன். "இதுதான் படிக்கணும்னு இல்ல."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்ப நைனா, எனக்குப் புடிச்ச தாவரவியலே எடுத்துக்கறேன்" என்றாள். நான் பக்கத்தைத் திருப்பித் தாவரவியலை எடுத்துக் கொடுத்தேன். அதையும் உரக்கப் படித்தாள். குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் செயலாளர் எத்தனை பேர் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். "இருபது சொன்னேனே" என்றார். "பத்தொன்பது பேரும் படிச்சுப் பாத்துட்டு வந்தவங்க சார், மூணு வருஷமும் இருப்பாங்க" என்றேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்ன முடிவு செய்வார் என்று தெரியாது. பதில் சொல்லும்போது நான் தரையைப் பார்க்கவில்லை.

மேடத்தின் பொருள் என்று என்னிடம் இருப்பது அந்தக் கட்டு ஒன்றுதான். நூல் அறுந்திருந்தது, புதிதாகத் தைத்திருக்கிறேன். என் பழைய துண்டறிக்கை நான்காக மடித்து அதன் கடைசிப் பக்கத்தில் செருகியிருந்தது. எடுத்து எறியவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டேன்.